பாட்டு ஒன்று, செவிகள் மூன்று



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பொப் பாடல். அரசியலும் பொருளாதாரமும் பேசும் மேடையிலே பொப் பாடலுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை முடிந்து வீடு திரும்பியபின் கேட்கும் பொழுதுபோக்கன்றோ அது, அதில் ஆராய்வதற்கு என்ன உண்டு என்று கேட்கவுங்கூடும். ஆயினும், வல்லரசொன்றின் ஜனாதிபதி தேர்தல் மேடையிலே ஒரு பாடகரின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்து வாக்குத் தேடினார். அந்தப் பாடகரோ ஆலைகள் மூடப்பட்டு வேலையிழந்து நின்ற மக்களின் துயரத்தையே பாடிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே பாட்டைத் தந்தை ஒரு பொருளிலும், மகன் வேறொரு பொருளிலும், பேரன் மூன்றாவது ஒரு பொருளிலும் கேட்டனர். இதிலே அரசியல் இல்லையென்றால் வேறெதிலே அரசியல் உண்டு?

அப்பாடல், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் எழுதிப் பாடிய 'போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.' என்பது. 'அமெரிக்காவிற் பிறந்தவன்' என்று தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். 1984ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆந் திகதி அதே பெயர் கொண்ட இசைத்தட்டிலே அது வெளிவந்தது. அவ்விசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அதிலிருந்து ஏழு பாடல்கள் அந்நாட்டு விற்பனைப் பட்டியலின் முதற் பத்து இடங்களுக்குள் வந்தன. அவ்வளவு பேர் கேட்ட பாட்டு அது. அவ்வளவு பேர் கேட்டும், அது சொல்லும் செய்தி எது என்பதிலே இன்றுவரை ஒருமித்த கருத்து உண்டாகவில்லை. அது ஏன் என்பதே எமது கேள்வி.

பாட்டு சொல்லும் கதை

கேளாதவர்களின் பொருட்டு அதன் கதையைச் சுருங்கச் சொல்வோம். வாழ்ந்து கெட்ட ஒரு சிற்றூரிலே பிறந்த ஒருவன். பிறந்த நாள் முதல் அடிபட்டே வளர்ந்தவன். உள்ளூரிலே ஏதோவொரு சிறு வம்பில் அகப்படுகிறான். அவன் கையிலே துப்பாக்கியைக் கொடுத்து, ஆசிய நாடொன்றிலே நடக்கும் போருக்கு அனுப்பிவிடுகின்றனர். உயிரோடு மீண்டு வந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலே வேலை கேட்கிறான், கிடைக்கவில்லை. படைவீரர் நலன் பேணும் அரசாங்கக் காரியாலயத்துக்குப் போகிறான், அங்கேயும் கைவிரிக்கின்றனர். கே சான் என்ற போர்முனையிலே போரிட்ட உடன்பிறந்தான் திரும்பவில்லை. சைகோன் நகரிலே அவன் நேசித்த பெண்ணுடன் எடுத்த படமொன்றே எஞ்சியிருக்கிறது. பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், சிறைச்சாலையின் நிழலிலும் ஆலையின் தீச்சுவாலை ஓரத்திலும், போக்கிடம் அற்றவனாய் அவன் நிற்கிறான். கதை அவ்வளவே.

இந்தக் கதையின் ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே, தலைப்பிலுள்ள சொற்றொடர் மட்டும் உரத்த குரலிலே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. அதன் பின்னணியிலே பீரங்கி வெடித்தாற் போன்ற மேளம். மின்விசை வாத்தியத்திலே வெற்றி முரசு கொட்டுவது போலத் திரும்பத் திரும்ப வரும் ஒரே சுரவரிசை. கதையோ தோற்றவனின் கதை; இசையோ வென்றவனின் இசை. மூன்று தலைமுறைகளின் வேறுபாடும் இந்த முரண்பாட்டுக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கிறது.

போருக்குப் போன தலைமுறை

ஸ்பிறிங்ஸ்ரீன் 1949ஆம் ஆண்டு பிறந்தவர்; நியூ ஜேர்சி மாநிலத்திலே பிறீஹோல்ட் என்ற தொழிலாளர் ஊரிலே வளர்ந்தவர். இளமையிலே அவரோடு ஒரே குழுவில் மேளம் வாசித்த தோழர் 1967ஆம் ஆண்டு வியட்நாமிலே மாண்டார். ஸ்பிறிங்ஸ்ரீனுக்கும் இராணுவ அழைப்பு வந்தது. வைத்தியப் பரிசோதனையிலே தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டதனால் அவர் போகவில்லை. பல்கலைக்கழகத்திற் படித்தோருக்கு அழைப்பை ஒத்திப்போடும் சலுகை நெடுங்காலம் இருந்தது. ஆதலின், படிக்க வசதியற்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், கறுப்பின மக்களின் பிள்ளைகளுமே போரின் சுமையைப் பெரிதுஞ் சுமந்தனர். 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர் அப்போரிலே மாண்டனர். வியட்நாம் மக்களுள் மாண்டவர்களின் தொகையைப் பத்து இலட்சங்களிலேதான் எண்ணவேண்டும்.

இந்தத் தலைமுறையின் தந்தையர், இரண்டாவது உலக மகாயுத்தத்திற்குப் போனவர்கள். அவர்கள் திரும்பியபோது ஊரே திரண்டு வரவேற்றது. 1944ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவர்களுக்குப் பல்கலைக்கழகக் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் வழிசெய்தது. நாட்டிற்காகப் போரிட்டால் நாடு எம்மைக் கைவிடாது என்பது அவர்கள் தம் வாழ்க்கையிலே கண்டறிந்த உண்மை. மகனுடைய அனுபவம் வேறு. 1973ஆம் ஆண்டு அமெரிக்கப் படை வியட்நாமை விட்டு வெளியேறியது. 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி சைகோன் வீழ்ந்தது. தோற்ற போரின் படைவீரனை வரவேற்க மேளமும் இல்லை, மாலையும் இல்லை. அவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோரும் உண்டு.

ஸ்பிறிங்ஸ்ரீன் தமது தந்தையைப் பற்றி மேடையிலே பலமுறை கூறிய செய்தியொன்று உண்டு. தலைமயிர் வளர்த்துக் கிற்றாரும் கையுமாகத் திரிந்த மகனைப் பார்த்து, இராணுவத்தார் உன்னைப் பிடித்து ஆளாக்கும் நாள் வரட்டும் என்று தந்தை ஓயாது சொல்லி வந்தாராம். தந்தையும் மகாயுத்தத்திலே பணிபுரிந்தவர். ஒரு நாள் மகன், இராணுவம் என்னை எடுக்கவில்லை என்று வந்து சொன்னபோது, நல்லது என்று மட்டும் அவர் கூறினாராம். இரண்டு தலைமுறைகளுக்கு இடையே நின்ற சுவர் அந்த ஒரு சொல்லிலே சிறிது இடிந்தது. தன் காலத்துப் போரைக் கொண்டு மகன் காலத்துப் போரை அளக்க முடியாதென்பதை அத்தந்தை உணர்ந்துகொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

இத்தகைய தலைமுறைக்கு இப்பாட்டு ஒரு முறைப்பாடாகக் கேட்டது. 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வியட்நாம் போர்வீரர் சங்கம் பணமின்றித் தள்ளாடியபொழுது, 1981ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஸ்பிறிங்ஸ்ரீன் இசை நிகழ்ச்சி நடாத்தி அதற்கு நிதி திரட்டினார். அதையடுத்த மாதங்களிலேதான் இப்பாட்டு உருவாகியது. 1982ஆம் ஆண்டு நவம்பரில் வாஷிங்ரன் நகரிலே, மாண்டோர் அனைவரின் பெயரும் பொறித்த கருங்கற் சுவர் திறந்துவைக்கப்பட்டது. கல்லிலே பொறித்த பெயர்களுக்கும் இசைத்தட்டிலே பதிந்த கதைக்கும் நோக்கம் ஒன்றே: மறக்கப்பட்டவனை மறக்கவிடாமற் செய்வது. போருக்குப் போன தலைமுறை இப்பாட்டிலே கேட்டது கதையை.

கொடி பிடித்த தலைமுறை

இனி இரண்டாவது செவிக்கு வருவோம். 1984ஆம் ஆண்டு பதினாறு வயதான ஒருவனுக்குச் சைகோன் வீழ்ந்தபொழுது வயது ஏழு. வியட்நாம் அவனுக்குப் பெரியவர்கள் பேசத் தயங்கிய ஏதோவொரு விடயம். 1982ஆம் ஆண்டு இறுதியிலே அமெரிக்காவின் வேலையின்மை நூற்றுக்குப் பத்தைத் தாண்டியிருந்தது. 1984இல் நிலைமை சீரடைந்து வந்தது. அவ்வருடக் கோடையிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடந்தன. சோவியத் நாடு பங்குபற்றாமையால் அமெரிக்கர் பதக்கங்களை அள்ளிக் குவித்தனர். எங்கு பார்த்தாலும் கொடி, எங்கு கேட்டாலும் ஆரவாரம். அந்தக் காற்றிலேதான் இப்பாட்டும் மிதந்து வந்தது. இசைத்தட்டின் உறையிலும் அமெரிக்கக் கொடியின் செவ்வெண் கோடுகளே பின்னணியாக இருந்தன. பல்லாயிரம் இளைஞர் கூடிய விளையாட்டரங்குகளிலே, பல்லவி வந்ததும் எல்லோரும் முட்டியை உயர்த்தி ஒரே குரலிற் பாடினர். இடையிலே வரும் கதை ஆரவாரத்திற் கரைந்தது. இந்தத் தலைமுறை கேட்டது பல்லவியை.

பல்லவியை மட்டும் கேட்டவர்கள் இளைஞர் மாத்திரமல்லர். ஜோர்ஜ் வில் என்ற பெயர்பெற்ற பத்திரிகையாளர் ஸ்பிறிங்ஸ்ரீனின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, 1984 செப்ரெம்பர் 13ஆந் திகதி கட்டுரை எழுதினார். மூடப்பட்ட ஆலைகளைப் பற்றி இவர் பாடினாலும் அழுது புலம்புபவர் அல்லர், நாட்டின் பெயரை உற்சாகத்தோடு முழங்குபவர் என்பது அவர் கண்ட முடிபு. ஆறு நாட்களின் பின், செப்ரெம்பர் 19ஆந் திகதி, நியூ ஜேர்சியிலே புளூபெரிப் பழச் செய்கைக்குப் பேர்போன ஹமன்ரன் என்ற கமக்காரர் ஊரிலே ஜனாதிபதி றொனால்ட் றீகன் பேசினார். ஸ்பிறிங்ஸ்ரீனின் பாடல்களிலே நம்பிக்கையின் செய்தி இருக்கிறதென்றும், அந்தக் கனவுகளை நனவாக்குவதே தமது பணியென்றும் சொன்னார். இப்பாட்டின் பெயரை அவர் எடுத்துச் சொல்லவில்லை. பாடகரின் பெயரே அவருக்குப் போதுமாயிருந்தது.

இரண்டு நாட்களின் பின்னர், உருக்கு ஆலைகளின் நகரான பிற்ஸ்பேர்க்கிலே ஸ்பிறிங்ஸ்ரீன் மேடையேறினார். ஜனாதிபதிக்கு என்னுடைய இசைத்தட்டுக்களில் எது பிடித்ததோ தெரியவில்லையே என்று வியந்துவிட்டு, 'ஜொனி 99' என்ற பாட்டைப் பாடினார். மோட்டார் வண்டித் தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்து, கடன்பட்டு, கொலைகாரனாகிச் சிறை செல்லும் ஒருவனின் கதை அது. சினந்து பேசாமல், மறுப்பறிக்கை விடாமல், இன்னொரு பாட்டையே அவர் பதிலாகக் கொடுத்தார். அச்சுற்றுப் பயணத்திலே பல ஊர்களின் உணவு வங்கிகளுக்கும் அவர் நன்கொடை வழங்கினார். எதிர்க்கட்சி வேட்பாளர் வோல்ரர் மொண்டேலும் சும்மா இருக்கவில்லை. ஸ்பிறிங்ஸ்ரீனின் ஆதரவு தமக்கே என்று கூறிவிட்டுப் பின்னர் அதை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒரு பாடகரின் பெயருக்கு இரு கட்சிகளும் உரிமை கொண்டாடின. அவருடைய பாட்டிலே வரும் மனிதனுக்கு உரிமை கொண்டாட எவரும் வரவில்லை. நவம்பர் 6ஆந் திகதி நடந்த தேர்தலிலே றீகன் 50 மாநிலங்களுள் 49ஐ வென்றார்.

பின் வந்த தலைமுறை

மூன்றாவது செவி, போரும் தெரியாத, 1984ஆம் ஆண்டும் தெரியாத தலைமுறையின் செவி. இவர்களுக்கு இப்பாட்டு வருடந்தோறும் யூலை 4ஆந் திகதி சுதந்திர தினத்து வாணவேடிக்கையோடு ஒலிக்கும் பழைய பாட்டு; தாய் தகப்பன் வண்டி ஓட்டும்போது கேட்கும் பாட்டு. 2020ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே ஜனாதிபதி டொனால்ட் ட்றம்ப் நோயுற்று இராணுவ வைத்தியசாலையிலே தங்கியிருந்தபொழுது, வாசலிலே திரண்ட அவருடைய ஆதரவாளர்களும் இதையே ஒலிக்கச் செய்தனர். காயமுற்ற படைவீரர்கள் சிகிச்சை பெறும் வைத்தியசாலையின் வாசல் அது.

ஆயினும், இளையோர் எல்லோரும் பல்லவியோடு நின்றுவிட்டனர் என்று எண்ணுவது தவறாகும். இன்றைய இளைஞன் ஒரு பாட்டைக் கேட்கும்பொழுதே அதன் சொற்களையும் கைத்தொலைபேசியிலே வாசிக்கிறான். தந்தை ஆரவாரத்திலே கேளாது விட்ட கதையை மகன் அமைதியாக இருந்து வாசித்து, இது கொண்டாட்டப் பாட்டன்றே என்று தந்தைக்கு எடுத்துக் கூறும் நிலையும் உண்டு. மேலும், 2001இல் ஆப்கானிஸ்தானிலும் 2003இல் ஈராக்கிலும் அமெரிக்கா போர் தொடங்கியபின், திரும்பி வந்த படைவீரர்களின் மனநோயும் வேலையின்மையும் மீண்டும் பேசுபொருளாயின. கட்டாய சேவை 1973இல் ஒழிக்கப்பட்டதனால் போருக்குப் போனவை சில குடும்பங்களே. அவ்வீடுகளிலே பிறந்த இளைஞனுக்கு இப்பாட்டு பாட்டன் காலத்துப் பழங்கதையன்று, அண்ணனின் கதை.

ஆகவே, முதியோருக்குப் பொருள் தெரியும், இளையோருக்குத் தெரியாது என்று வரிசைப்படுத்தி வைக்க இங்கே இடமில்லை. வயது ஒருவனுக்குக் கொடுப்பது ஓர் இடம். அவ்விடத்திலிருந்து பாட்டின் ஒரு பக்கம் தெளிவாகத் தெரிகிறது; மறுபக்கம் மறைகிறது.

எவருடைய பொருள் சரி?

பாடியவரையே கேட்டால் என்ன? ஸ்பிறிங்ஸ்ரீன் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்று நூலிலே, தமது பாடல்களுள் மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றென எழுதியுள்ளார். இது எதிர்ப்புப் பாட்டு என்பதே அவருடைய நிலை. இப்பாட்டுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. 1982ஆம் ஆண்டு தொடக்கத்திலே வீட்டிலிருந்து தனியே, கிற்றாரோடு மட்டும் அவர் பதிவுசெய்த வடிவம் அது. 1998ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. அதிலே முரசும் இல்லை, முழக்கமும் இல்லை. அதைக் கேட்ட எவனும் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான். பின்னாளிலே, 2017இல் தொடங்கிய நியூயோர்க் நாடக அரங்க நிகழ்ச்சியிலும் அவர் அதை அவ்வாறே தனித்த, கரகரத்த குரலிலே பாடினார்.

சொல் ஒன்றாயிருந்தும் மெட்டு மாறினால் பொருள் மாறுகிறதென்றால், முழக்கத்தைக் கேட்டு மயங்கியவர்கள்மீது மட்டும் குற்றஞ் சுமத்தலாமா? கொடியை உறையிலே போட்டவர் யார்? வெற்றி முரசைப் பல்லவியிலே வைத்தவர் யார்? கசப்பு மருந்துக்குத் தேன் தடவியவர் தேனை மட்டும் நக்கியவனைக் கடிந்துகொள்வதிலே முழு நியாயம் இல்லை. இதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

எனினும் எமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தப் பல்லவியிலே பெருமிதமும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டையும் பிரிப்பவன் பாட்டைக் கெடுக்கிறான். நான் இங்கே பிறந்தவன் என்று ஒருவன் ஏன் கத்துகிறான்? எல்லா உரிமையும் உடையவன் அதைக் கத்த வேண்டியதில்லை. வேலை மறுக்கப்பட்டவன், காரியாலய வாசலிலே திருப்பி அனுப்பப்பட்டவன், தன்னிடம் எஞ்சியுள்ள ஒரே ஆதாரத்தை எடுத்து நீட்டுகிறான். பிறப்பே அவனுடைய உறுதிப் பத்திரம். அதை அவன் பெருமையோடும் நீட்டுகிறான், கோபத்தோடும் நீட்டுகிறான். வேறெங்கும் போகமாட்டேன், என் பங்கைத் தா என்கிறான். றீகன் அந்தப் பெருமையை எடுத்துக்கொண்டு கோபத்தை விட்டுவிட்டார். பங்கு கேட்கும் குரல் வாழ்த்துக் கூறும் குரலாக மாறிற்று.

இந்த இடத்திலே எமது செவியும் கூர்மையடைகிறது. அமெரிக்க அரசியலமைப்பின் 1868ஆம் ஆண்டுத் திருத்தம் அம்மண்ணிற் பிறந்தவனுக்குப் பிரசாவுரிமையை உறுதிசெய்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ, இம்மண்ணிற் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையோ பாட்டன் பூட்டனோ இங்கு பிறந்தமைக்குச் சான்று வேண்டும் என்றது. மலையகத்திலே பிறந்து, மலையகத்திலே உழைத்து, மலையகத்திலேயே மடிந்த மக்கள் நாடற்றோர் ஆயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேரை இங்கு ஏற்கவும் கணக்குப் போட்டது. ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி பின்னுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அத்துயரம் நீண்டது. இங்கே பிறந்தவன் என்ற சொற்றொடரின் பாரம் எவ்வளவு என்பதை அறிய எமக்கு அமெரிக்கப் பாட்டொன்று வேண்டியதில்லை. ஆனால், அச்சொற்றொடரைக் கொண்டாட்டமாக மட்டும் கேட்க எம்மால் இயலாமைக்கு அதுவே காரணம்.

விடுபட்ட அடிகள்

இப்பாட்டுக்கு நேர்ந்தது புதிதன்று. வூடி கத்றி என்ற நாடோடிப் பாடகர் 1940ஆம் ஆண்டு பெப்ருவரியிலே 'திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்' என்ற பாட்டை எழுதினார். இந்த நிலம் உன்னுடையது என்பது தலைப்பின் பொருள். கடவுள் அமெரிக்காவை ஆசீர்வதிப்பாராக என்று வானொலியிலே ஓயாமல் ஒலித்த இன்னொரு பாட்டு அவருக்குச் சலிப்பூட்டியது. அதற்கு மறுமொழியாகவே இதை எழுதினார். தனியார் நிலத்தின் வேலியைக் கேள்விக்கிடமாக்கும் அடிகளும், நிவாரணக் காரியாலயத்து வாசலிலே பசியோடு வரிசையில் நின்ற மக்களைப் பற்றிய அடிகளும் அதிலே இருந்தன. பாடசாலைகளிலே பிள்ளைகள் பாடத் தொடங்கியபொழுது அவ்வடிகள் காணாமற் போயின. மலையும் பள்ளத்தாக்கும் எஞ்சின. வேலியும் பசியும் மறைந்தன.

வூடியின் மகன் ஆர்லோ கத்றி ஒரு செய்தி கூறியுள்ளார். தாம் சிறுவனாயிருந்தபொழுது, விடுபட்ட அடிகளைத் தந்தையே தமக்குச் சொல்லிக்கொடுத்தாராம். தாம் சொல்லாவிட்டால் அவை அழிந்துபோம் என்று தந்தை அஞ்சினாராம். 2009ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி, பராக் ஒபாமாவின் பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவு மண்டபத்திலே நடந்த விழாவிலே, 89 வயதான பீற் சீகரும், அவருடைய பேரனும், ஸ்பிறிங்ஸ்ரீனும் சேர்ந்து அந்த அடிகளையும் விடாது பாடினர். பாட்டன் வயதினர் ஒருவர், தந்தை வயதினர் ஒருவர், பேரன் ஒருவர் ஒரே மேடையிலே நின்று முழுப் பாட்டையும் பாடினர். ஆயினும், அந்நிலத்தின் ஆதிக்குடிகள் இத்தலைப்பைக் கேட்டு, யாருடைய நிலம் என்று வினவுகின்றனர். முழுமையாகப் பாடிய பாட்டுக்கும் இன்னுமொரு செவி உண்டு. வியட்நாமின் உழவனுக்கும் ஸ்பிறிங்ஸ்ரீனின் பாட்டிலே இடமில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கு கூடியுள்ள கமக்காரப் பெருமக்களுக்கு ஒரு சான்று. ஜோன் மெலன்காம்ப் என்ற பாடகர் 1985ஆம் ஆண்டு வெருளியைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். பாட்டன் உழுத நிலம் வங்கிக்குப் போய் ஏலத்திலே விழுவதைப் பேரன் சொல்லும் பாட்டு அது. கடன் வாங்கிச் செய்கையைப் பெருக்குங்கள் என்று 1970களிலே அமெரிக்கக் கமக்காரருக்குப் புத்தி சொன்னார்கள். 1980களின் தொடக்கத்திலே வட்டி ஏறிற்று, விளைபொருளின் விலை விழுந்தது, நிலத்தின் பெறுமதியும் விழுந்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் 22ஆந் திகதி இல்லினோய் மாநிலத்திலே கமக்காரருக்கு நிதி திரட்டும் பெரும் இசை விழாவை அவரும் வில்லி நெல்சன், நீல் யங் ஆகியோரும் நடாத்தினர். ஏலக்காரனின் மணியோசையைத் தன் முற்றத்திலே கேட்டவன் அப்பாட்டைக் கேட்பதும், நகரத்திலே தாளம் போட்டுக்கொண்டு ஒருவன் கேட்பதும் ஒன்றாகுமா? செவியைத் தீர்மானிப்பது வயது மட்டுமன்று; பட்டதும் படாததுமே.

எமது கடமை

எமது வீடுகளிலும் இது நிகழ்கிறது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. கனடாவிலோ இங்கிலாந்திலோ பிறந்த பிள்ளைக்கு அவை கலியாண மண்டபத்திலே கால்களை ஆடவைக்கும் துள்ளிசை. பெற்றோருக்கு அவை 1983க்கு முந்திய ஓர் ஊர், ஒரு வாசிகசாலை, ஒரு கடைத்தெரு. பிள்ளை ஆடுவதைக் கண்டு பெற்றோர் முகஞ் சுளிப்பதனால் அந்த ஊர் பிள்ளையின் நெஞ்சிலே புகுந்துவிடாது. ஆட்டம் முடிந்தபின் பக்கத்திலிருத்தி, இது பிறந்த காலம் இத்தகையது என்று சொன்னாற் புகும். பிள்ளையும் தனக்கு அதிலே பிடித்தது எது என்று சொல்லட்டும். பெரியவர்களும் அதைக் கேட்கட்டும். வூடி கத்றி மகனுக்குச் செய்தது அதுவே.

கதையைப் பெரியவர்கள் சொல்லாதுவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. தேர்தல் காலத்திலே ஒருவர் வந்து அதை நிரப்புவார். பல்லவியைத் தமக்கு எடுத்துக்கொண்டு, துயரத்தைப் பாடியவனிடமே விட்டுச் செல்வார். அரசியல்வாதி எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், எம்மவராயினும், எமது பாட்டை அவர் பாடும்பொழுது எந்த அடிகளை விட்டுவிட்டார் என்று கவனிப்பது எமது கடமை.

இளைஞர்களே! பாட்டைப் பாடுங்கள், ஆடுங்கள், அது உங்கள் வயதின் உரிமை. ஆனால் பல்லவியோடு நின்றுவிடாமல் சரணங்களையும் கேளுங்கள். பெரியோர்களே! எங்கள் காலத்துப் பாட்டை இவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சினந்துகொள்ளாமல், விடுபட்ட அடிகளைச் சொல்லிக்கொடுங்கள். அமெரிக்காவிலே ஒரு போர்வீரன் வேலை கேட்டு நின்ற கதை நாற்பது ஆண்டுகளாக முழக்கத்துக்குள் மூழ்கிக் கிடந்தது. அக்கதையை மீண்டும் கேட்கச் செய்ய, பாடியவரே முரசை நிறுத்திவிட்டுத் தனிக் கிற்றாரோடு பாட வேண்டியதாயிற்று. எமது கதைகளுக்கும் அந்த நிலை வராமற் காப்போமாக.